புகை விஸ்கியும் மீன் குழம்பும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவிபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். மச்சான் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு பாட்டில் கொண்டுவந்தார். ஸ்காட்லாந்தில் ஐலா என்ற தீவில் வடித்த புகை விஸ்கியாம். மூடியைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வாசம். புண்ணுக்குப் போடும் டிங்சரையும் அடுப்புப் புகையையும் கலந்த மாதிரி இருந்தது. ஒரு மடக்குக்கு மேல் முடியவில்லை. "குடிக்கப் பிடிக்கலைன்னா சமையல்ல ஊத்து, விறகடுப்புக் குழம்பு மாதிரி மணக்கும். கொதிச்சா சாராயம் ஆவியாப் போயிடும்" என்கிறார் மச்சான். வருகிற ஞாயிறு நண்பர்கள் எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள். அதில் இரண்டு பேர் கீழக்கரை முஸ்லிம்கள். ஒருவர் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. மீன் குழம்பில் ஊற்றலாமா? உண்மையிலேயே ஆவியாகிவிடுமா? அந்த வாசத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

முதலில் ஞாயிற்றுக்கிழமை விஷயம். ஊற்றாதீர்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம்.

உங்கள் மச்சான் சொல்வதைப் பலரும் நம்புகிறார்கள். சாராயம் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அதனால் சாராயம் முதலில் ஓடிவிடும் என்பது கணக்கு. ஆனால் இரண்டும் கலந்தபின் அப்படித் தனித்தனியாகப் பிரிந்து போவதில்லை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை ஒன்று உண்டு. கொதிக்கும் பண்டத்தில் சேர்த்துக் கால் மணி நேரம் வைத்தால், ஊற்றிய சாராயத்தில் 40 சதவீதம் உள்ளேயே இருக்கும். அரை மணிக்கு 35. ஒரு மணி நேரத்துக்கு 25. இரண்டரை மணி நேரம் கொதித்தும் 5 சதவீதம் மிச்சம். தீப்பற்ற வைத்து அணைப்பார்களே, அதில் 75 சதவீதம் அப்படியே தங்கிவிடுகிறது. மீன் குழம்பை யார் இரண்டரை மணி நேரம் கொதிக்க வைப்பார்கள்?

உங்கள் கீழக்கரை நண்பர்களுக்கு இதில் அளவு ஒரு கேள்வியே இல்லை. குடியை விட்டவருக்கோ அந்த வாசம் ஒன்றே போதும், இரண்டு வருட உழைப்பை ஆட்டிப் பார்க்க. நம் வீட்டு இலையில் கை வைக்கிறவர்கள் நம்மை நம்பித்தான் வைக்கிறார்கள்.

சரி, வாசத்துக்கு வருகிறேன். உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஐலாவில் மரம் குறைவு. சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான வருடம் அமுங்கிக் கிடந்த பீட் என்ற மண்தான் அங்கே விறகு. அது வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். அதைச் செங்கல் போல வெட்டி, காயவைத்து எரிப்பார்கள். முளைகட்டிய பார்லியை ஓட்டைகள் உள்ள தளத்தில் பரப்பி, கீழே இந்த மண்ணைப் புகையவிட்டு உலர்த்துவார்கள். தானியம் ஈரமாக இருக்கும்போதுதான் புகை நன்றாக ஒட்டும். அதில் ஒட்டுவது பீனால் வகைப் பொருள்கள். 1865-ல் ஜோசப் லிஸ்டர் என்ற மருத்துவர் புண் சீழ்பிடிக்காமல் இருக்கக் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தினார். அதுவும் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில்தான். கார்பாலிக் அமிலம் என்பது பீனாலுக்கே இன்னொரு பெயர். உங்களுக்கு ஆஸ்பத்திரி நினைவு வந்ததில் ஆச்சரியமில்லை.

இந்தப் புகை பிடிபட எனக்கு உதவியது மாசிக் கருவாடு. சின்ன வயதில் கீழக்கரையில் ஒரு நண்பன் வீட்டுக்கு அடிக்கடி போவேன். அவன் உம்மா மாசியை உரலில் போட்டு இடிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். சூரை மீனை நீளவாக்கில் கீறி, உப்புத் தண்ணீரில் அவித்து, தேங்காய் மட்டைப் புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்தால் மாசி. கையில் எடுத்தால் கட்டை. ஒன்றோடு ஒன்று தட்டினால் மரச்சத்தம் வரும். முதல் இடியில் உடையாது. நாலாவது ஐந்தாவது இடியில் பிளக்கும்போது உள்ளே கருஞ்சிவப்பாக, மெழுகு தேய்த்த மாதிரி ஒரு மினுமினுப்பு தெரியும். அந்த நொடியில் எழும் வாசத்தில் புகை, உப்பு, கொஞ்சம் இனிப்பு மூன்றும் இருக்கும். தேங்காய்த் துருவலும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துச் சம்பலாகப் பிசைந்து முதல் உருண்டையை எனக்குத்தான் தருவார்.

பல வருடம் கழித்து ஐலா விஸ்கியை முகர்ந்தபோது முதலில் அந்த உரல்தான் நினைவுக்கு வந்தது. காரணம் பிற்பாடு தெரிந்தது. மட்டை, மரம், செடி எல்லாவற்றிலும் இருக்கும் லிக்னின் கருகும்போது குவையகால் என்ற பொருள் பிறக்கிறது. மாசியிலும் அதுதான், அந்த விஸ்கியிலும் அதுதான். இரண்டுக்கும் நெருப்பை அடக்கி வைக்க வேண்டும். கொழுந்துவிட்டு எரிந்தால் புகையின் வாசம் வராது. கமுதி, சாயல்குடிப் பக்கம் சீமைக் கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு அடங்கிய நெருப்பைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீங்கள் குடிக்கிறவர் என்பதால் சொல்கிறேன். ஒரே மடக்காக விடாதீர்கள். 30 மில்லி போதும். ஐஸ் வேண்டாம், சோடா வேண்டவே வேண்டாம். ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் சும்மா வையுங்கள். 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் இதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சாராயத்தின் அளவு குறையும்போது குவையகால் மேற்பரப்புக்கு வந்து தங்குகிறது, அதனால் மூக்குக்கு எளிதில் எட்டுகிறது என்று கண்டார்கள். அப்புறமும் பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடுங்கள். பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. பெங்களூரின் அம்ருத், கோவாவின் பால் ஜான் நிறுவனங்களும்கூட இதே பீட் புகை வகையில் வடிக்கிறார்கள். பாரில் கோப்பைக்கு மேல் மரத்தூள் புகையைப் பிடித்துத் தருவது வேறு சங்கதி. அது மேலோட்டமான மணம், சீக்கிரம் போய்விடும். (நம் பனையில் 1987 முதல் கள் இறக்கத் தடை. வெளிநாட்டுத் தீவின் மண்வாசம் பற்றி நான் எழுதலாம், நம் ஊர்ப் பனையின் கள்ளைப் பற்றி நினைவாகத்தான் எழுத முடியும் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.)

சமையலில் என் அனுபவம் இது. போன வருடம் எனக்கு மட்டும் வைத்த சீலா மீன் குழம்பில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக் கொதிக்கவிட்டேன். நல்ல மணம் எல்லாம் ஆவியோடு போய்விட்டது. புளியோடு சேர்ந்து மருந்துக் கசப்பு மட்டும் சட்டியில் தங்கியது. அருமையான மீன் வீணானது இன்னும் மனசில் இருக்கிறது. புளி இருக்கும் இடத்தில் இது சேராது. இனிப்பும் கொழுப்பும்தான் இதற்குத் துணை.

நூறு கிராம் கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பிசுபிசுக்கும்வரை காய்ச்சுங்கள். இறக்கிக் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் ஒரே ஒரு தேக்கரண்டி விஸ்கி, ஒரு சிட்டிகை உப்பு. இதைக் கெட்டித் தேங்காய்ப்பாலோடு சேர்த்து இளநுங்கின் மேல் ஊற்றிப் பாருங்கள். பனை ஓலையும் பாளையும் எரித்துக் காய்ச்சிய கருப்பட்டிக்கு ஏற்கனவே ஒரு புகை உண்டு. இரண்டு புகையும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும். கணவாய்க்கும் பொருந்தும். வெண்ணெய், பூண்டு, நம் முண்டு மிளகாய் போட்டு வதக்கி, அடுப்பை அணைத்த பிறகு ஒரு தேக்கரண்டி. முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியும்தானே? காரம் மட்டாக, தோல் தடிமனாக இருப்பதால் புகைக்கு இடம் கொடுக்கும். எரியும் அடுப்பில் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றவே ஊற்றாதீர்கள், ஆவி குப்பென்று பற்றும். இதெல்லாம் உங்களுக்கும் மச்சானுக்கும் மட்டும், இன்னொரு நாளைக்கு.

ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டுப் பேருக்கும் பொதுவாக ஒரு வழி சொல்கிறேன். குழம்பை இறக்கியதும் நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தை மிதக்க விடுங்கள். அதில் கனன்ற சிரட்டைக் கரி ஒரு துண்டு, அதன்மேல் உலர்ந்த தேங்காய் நார் கொஞ்சம், நல்லெண்ணெய் நாலு சொட்டு. புகை கிளம்பியதும் தட்டைப் போட்டு ஐந்து நிமிடம் மூடுங்கள், அதற்கு மேல் வேண்டாம், கசக்கும். மட்டையை இன்றைக்கே வெயிலில் போட்டுவிடுங்கள். கடற்காற்று ஈரத்தில் நார் காய நாலு நாளாவது ஆகும்.

அன்புடன்,
அண்ணன்