கண்ணாடி அடுப்பில் கருகிய கறை: கீறாமல் எடுக்க முடியுமா?

கேள்வி: எங்கள் மின்சாரக் கண்ணாடி அடுப்பில் பழுப்புக் கறை வட்டமாகப் படிந்துவிட்டது. சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றித் தேய்க்கச் சொல்கிறார்கள். சோடா கண்ணாடியைக் கீறிவிடாதா?

பதில்: கீறாது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் சோடா ஏறக்குறைய 2.5, கண்ணாடி 5.5க்கு மேல். மணலோ 7. பாத்திரத்தின் அடியிலும் துடைக்கும் துணியிலும் ஒட்டியிருக்கும் மணல்தான் பெரும்பாலான கீறல்களுக்குக் காரணம். கம்பி நாரும் பச்சை நாரும் அடுப்புப் பக்கமே வரக்கூடாது.

இரண்டையும் சேர்த்து ஊற்றுவதுதான் வீண். பொங்கும் நுரையைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துவிடுவதால் தேய்க்க மிஞ்சுவது உப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா, வெள்ளை உப்புப் படிவுக்கு வினிகர் என்று தனித்தனியே போடுங்கள்.

அடுப்பு முழுக்க ஆறியதும் முதலில் ஈரத் துணியால் தூசு, துகளை ஒற்றி எடுங்கள். மூன்று பங்கு சோடாவை ஒரு பங்கு தண்ணீரில் குழைத்துக் கறைமேல் பூசி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் 20 நிமிடம் மூடி வையுங்கள். பலரும் மூடுவதில்லை, பசை காய்ந்தால் கறை ஊறாது. பிறகு மைக்ரோஃபைபர் துணியால் தேய்க்கவும். அப்படியும் போகாத கருகலை, பரப்பு ஈரமாக இருக்கும்போதே ஸ்க்ரேப்பர் பிளேடை 30 முதல் 45 டிகிரி சாய்வில் பிடித்துத் தள்ளுங்கள். முனை மழுங்கிய, துருப்பிடித்த பிளேடு வேண்டாம். கடைசியில் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். சோடா மிச்சம் இருந்தால் வெள்ளைப் படலமாகத் தெரியும்.

கேள்வி: வெள்ளி நிறக் கோடுகளும் இருக்கின்றனவே?

பதில்: நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கினால் கீறல். அதை எந்தப் பசையும் போக்காது. வழுக்கிப் போனால் அநேகமாக அலுமினியப் பாத்திரம் உரசி விட்ட உலோகத் தடம். இதே சோடாப் பசை போதும்.

கேள்வி: சர்க்கரைப் பாகு கொட்டினாலும் ஆறும்வரை காத்திருக்கலாமா?

பதில்: கூடாது. பாகு இறுகும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, பெயர்க்கையில் சில்லோடு வரும், குழி விழும். அடுப்பை அணைத்து, கைக்குத் தடித்த கையுறை போட்டு, சூடு இருக்கும்போதே ஸ்க்ரேப்பரால் வழித்தெடுங்கள். உருகிய பிளாஸ்டிக்குக்கும் இப்படியே.

கேஸ் அடுப்பின் கண்ணாடி வேறு வகை. அதில் பிளேடு வைக்காதீர்கள். சூட்டோடு குளிர்ந்த தண்ணீரும் ஊற்றாதீர்கள், வெடித்துச் சிதறலாம்.