மரம் நட்ட சான்றிதழுக்கு வேலை கிடைக்குமா? வன்னி வாசகர் கேள்விகளும் பதில்களும்

சுற்றாடல் துறை வேலைகள் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உயர்தரப் பெறுபேற்றை எழுதி, "நான் என்ன செய்யலாம்?" என்று முடிகின்றன. எந்த ஊர், எந்தப் பிரிவு, எதில் விருப்பம் என்ற மூன்றையும் எழுதாதவருக்கு என்னால் எதுவும் சொல்ல முடியாது. எழுதியவர்களுக்கு மட்டும் பதில்.

உயிரியல் பிரிவில் மருத்துவபீடம் கிடைக்கவில்லை. சுற்றாடல் விஞ்ஞானம் படித்தால் வேலை உண்டா? (மாங்குளம்)

உண்டு, பட்டத்தை மட்டும் நம்பி இருக்காவிட்டால். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பட்டம் இருக்கிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய இடம், உங்கள் ஊரிலிருந்து தூரமும் இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகர் விவசாயபீடத்தாலும், யாழ்ப்பாணத்தில் தாவரவியல், விலங்கியல் படித்தும் இதே வேலைகளுக்கு வரலாம். மூன்றாம் ஆண்டு முடியுமுன் புள்ளிவிபரவியலும் கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளும் கைவசமாக வேண்டும். அந்த மென்பொருள் இலவசம், சாட்டுச் சொல்ல வழியில்லை. மருத்துவம் தவறிய கவலையோடு வருகிற பிள்ளைகள் இரண்டாம் ஆண்டிலேயே சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். விருப்பம் இருந்தால் மட்டும் வாருங்கள்.

வன அதிகாரியாகி யானைகளைக் காப்பாற்ற விருப்பம். தகுதி என்ன? (விசுவமடு)

எந்தத் திணைக்களம் தம்பி? இரண்டையும் ஒன்றாக நினைத்து எழுதும் கடிதம் மாதந்தோறும் வருகிறது. வனவளத் திணைக்களம் ஒதுக்குக் காடுகளைப் பார்க்கிறது. அதன் சட்டம் 1907ஆம் ஆண்டுடையது, பயிற்சி நுவரெலியாவில். வனஜீவராசிகள் திணைக்களம் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் நடக்கிறது. சுண்டிக்குளம், மடு வீதி தேசிய பூங்காக்கள் அதன் பொறுப்பு, பயிற்சி கிரித்தலையில். யானை என்றால் இரண்டாவது. தகுதி பதவிக்குப் பதவி மாறும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பாருங்கள், முகநூலில் யாரோ பகிர்ந்ததைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள்.

ஆங்கிலம் மட்டம். என்ன செய்யலாம்? (துணுக்காய்)

ஆங்கிலத்தைப் படியுங்கள், சிங்களத்தை அதற்கு முதலே தொடங்குங்கள். திணைக்களத்திலும் காட்டு முகாமிலும் சிங்களம்தான் நாளாந்தம் வேண்டும்.

ஜூன் 5 உலக சுற்றாடல் தினத்தில் எங்கள் கழகம் 500 கன்றுகள் நட்டது. அந்தச் சான்றிதழ் வேலைக்கு உதவுமா? (நெடுங்கேணி)

500இல் இன்றைக்கு எத்தனை உயிரோடு நிற்கின்றன? கடிதத்தில் அது இல்லை. நேர்முகத்தில் நான் இருந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

வன்னியில் ஆண்டு மழை 1,300 மில்லிமீற்றர் மட்டில். அதில் பெரும்பங்கு ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஜூன் மாதம் சோளகம் வீசும் காலம். மண்வெட்டி போட்டால் தெறிக்கிற நிலம். அந்த நேரத்தில் ஒரு முழம் உயரக் கன்றை நட்டு, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, படம் எடுத்துவிட்டுப் போனால் அது நாலு மாதம் எப்படித் தாங்கும்? இப்படி நட்ட கன்றுகளை ஆவணியில் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் கறுப்புப் பொலித்தீன் பையே கழற்றப்படவில்லை. வேர் பைக்குள்ளேயே சுருண்டு, மண் கட்டியாக இறுகி, மேலே தண்டை ஆடு கடித்த தழும்பு. பக்கத்தில் அனுசரணையாளரின் பெயர்ப்பலகை மட்டும் புதிதாக நிற்கும். உலகத்துக்கு ஒரு திகதி இருக்கலாம், எங்கள் மண்ணுக்கு மழைதான் திகதி.

நடுகிற மரமும் இடமும் அடுத்த பிரச்சினை. காடு வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மகோகனியும் தேக்கும் நடுகிறார்கள். பாலை, வீரை, முதிரை எங்கே? குளத்து அலைகரைப் புல்வெளியை வெறும் நிலம் என்று நினைத்துக் கன்று வைக்கிறார்கள்; மாடும் மானும் யானையும் கோடையில் நம்பியிருப்பது அந்தப் புல்லைத்தான். களப்புச் சேற்றுத்தரை கரைப்பறவைகளின் மேய்ச்சல் நிலம், அங்கேயும் உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரத்தை நடுகிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாட்டில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் தேறியது இருநூறு சொச்சம்.

சரி, ஜூனில் என்ன செய்யலாம்? பாலைப்பழக் காலம் அது. விதை பொறுக்குங்கள், நாற்றுமேடை போடுங்கள், அடுத்த ஆண்டு மாரி தொடங்க நடுங்கள். வெட்டிய காட்டில் அடிக்கட்டைகள் தாமாகவே துளிர்க்கும். மாடும் நெருப்பும் புகாமல் காத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இப்போது போய் அந்த 500இல் மிஞ்சியதை எண்ணுங்கள். எந்த மரம், எந்த இடம், எத்தனை, எந்தத் திகதி என்று கொப்பியில் எழுதுங்கள். எண்ணிக்கை 12 என்றாலும் அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள், சான்றிதழை வீட்டில் வையுங்கள்.

உயர்தரம் சித்தியில்லை. வயலில் யானைக் காவலுக்குப் போய் வளர்ந்தவன். எனக்கு இதில் இடம் உண்டா? (ஒட்டுசுட்டான்)

உண்டு. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 6,000க்குக் கொஞ்சம் குறைவான யானைகள். அவற்றில் பெரும்பகுதி பூங்காக்களுக்கு வெளியே மனிதரோடு திரிகின்றன. காட்டு எல்லையில் போட்ட மின்வேலி பராமரிப்பில்லாமல் விழுகிறது. விவசாயிகளே காலபோகத்துக்குப் போட்டு, அறுவடை முடியக் கழற்றும் வயல்வேலி நிற்கிறது. அப்படியான வேலையிலும் ஆய்விலும் களஉதவியாளராக உங்களைப் போன்றவர் தேவை. எந்தத் தடத்தால், எத்தனை மணிக்கு, எத்தனை யானை வந்தது என்று இன்று இரவிலிருந்தே எழுதுங்கள். திகதி போடாத குறிப்பை யாரும் பாவிக்க முடியாது.

பெண்பிள்ளை காட்டுக்குப் போகிற வேலை வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். (புதுக்குடியிருப்பு)

அம்மாவிடம் சொல்லுங்கள் தங்கச்சி: இந்த மண்ணில் கண்ணிவெடி அகற்றும் குழுக்களில் வன்னிப் பெண்கள் வருடக்கணக்காக முழங்காலில் நின்று வேலை செய்திருக்கிறார்கள். அதைவிடக் கடினமான களவேலை இங்கே இல்லை. தனியாகப் போக வேண்டாம், இது ஆண்களுக்கும் சொல்வதுதான். வெடி அகற்றி ஒப்படைக்காத காட்டுக்குள் ஒருவரும் இறங்கக் கூடாது, எந்த அரிய பறவைக்காகவும். நீர்த்தர ஆய்வு, வரைபட வேலை, சுற்றாடல் உத்தியோகத்தர் என்று கந்தோரையும் களத்தையும் சேர்த்துப் பார்க்கிற வேலைகளும் இருக்கின்றன.

சம்பளம் நல்லதா? (வவுனியா)

அரச வேலையில் நிரந்தரம், திட்டங்களில் ஓரிரு ஆண்டு ஒப்பந்தம். காசுதான் முதல் கேள்வி என்றால் வேறு துறை பாருங்கள்.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு எங்கே பழகலாம்? (முழங்காவில்)

ஒரு திட்டம் சுற்றாடலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே கணித்து அறிக்கை எழுதுவதுதான் இது. வெளிவந்த அறிக்கை ஒன்றை எடுத்து முழுவதும் வாசியுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபை பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள் தருகிறது. அதில் உங்கள் ஊர்ப் பறவைப் பட்டியல் சரியா என்று பார்த்து எழுதி அனுப்புங்கள். மன்னாரில் காற்றாலை வந்ததிலிருந்து இப்படிச் சரிபார்க்கத் தெரிந்தவரின் தேவை கூடியிருக்கிறது.

பறவை பார்க்க எந்தக் கமெரா வாங்கலாம்? (மன்னார்)

கமெரா இப்போது வேண்டாம். 8x42 இருகண் தொலைநோக்கி ஒன்று, பென்சில், கொப்பி. வங்காலைச் சரணாலயம் உங்கள் வாசலில் இருக்கிறது. 2010இலிருந்து ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச உடன்படிக்கையில் உலக முக்கியத்துவம் உள்ளதென்று பட்டியலிட்ட இடம். ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். எண்ணத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, முதல் ஆண்டு அவர் சொல்வதை எழுதிக் கொடுங்கள். பூநாரைக் கூட்டத்துக்குக் கிட்டப் போய்ப் படம் பிடிக்கிறேன் என்று அவற்றைக் கிளப்பிவிடாதீர்கள்.