கிளினிக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: முதியவர் கண் பற்றிய கேள்வி பதில்

27 வருடம் தாதியாக இருந்தேன், அதில் பாதிக்கு மேல் கண் வார்டில். இப்போது ஓய்வு, திருகோணமலை உப்புவெளியில் வீட்டோடு இருக்கிறேன். அம்மா அப்பாவின் கண்ணை வீட்டில் எப்படிப் பராமரிப்பது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த மருந்து போடலாம் என்று கேட்காதீர்கள், நான் டொக்டர் இல்லை. முன்கூட்டியே ஒன்று: பழைய போத்தலைக் கடையில் காட்டி "இதே சொட்டு தாங்க" என்று வாங்கும் பழக்கத்தை விடுங்கள். அதில் ஸ்டீரோயிட் இருந்தால் கண் சிவப்பு இரண்டு நாளில் போய்விடும், எல்லோருக்கும் சந்தோஷம், உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது.

உவர்மலையிலிருந்து: அப்பாவுக்கு 78 வயது, குளுக்கோமா (கண் அழுத்த நோய்). டிமோலோல் சொட்டு காலை மாலை, லற்றனோபுரொஸ்ட் சொட்டு இரவில். கை நடுங்குவதால் பாதி கன்னத்தில் வழிகிறது. வலி எதுவும் இல்லையே, ஏன் விட வேண்டும் என்றும் கேட்கிறார்.

வலி இல்லாததுதான் இந்த நோயின் கெட்ட குணம். பக்கப் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும், நேரே பார்ப்பது கடைசிவரை நன்றாகவே இருக்கும். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு. அப்பாவிடம் இதை ஒருநாள் சாவகாசமாக இருந்து சொல்லுங்கள், அதட்டாதீர்கள்.

சொட்டை அவரையே விடச் சொல்லாதீர்கள். கட்டிலில் படுக்க வைத்து, கீழ் இமையை மெல்ல இழுத்து, அந்தப் பையில் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டுக்குக் கண்ணில் இடமே இல்லை, அது கன்னத்துக்குத்தான். பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கி உடம்புக்குள் போகும். இரண்டு மருந்தும் ஒரே நேரத்தில் விட வேண்டி வந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். போத்தல் நுனி இமையில் படக்கூடாது.

டிமோலோல் என்றதும் எனக்கு வேறொரு கேள்வி வருகிறது: அப்பாவுக்கு முட்டு, இழுப்பு ஏதும் உண்டா? நாடித்துடிப்பு குறைவா? இருந்தால் கண் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணில் விடுவதுதானே என்று நினைப்போம், அது நெஞ்சு வரை போகும். லற்றனோபுரொஸ்டைத் திறக்கும்வரை குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். திறந்த பிறகும் 25 பாகைக்கு மேல் போகக்கூடாது என்பதால், நம் ஊர் வெயிலில் திரும்பவும் அங்கேயேதான், ஆனால் ஐஸ் தட்டில் இல்லை. காலைப் போத்தலில் ஒரு றப்பர் பாண்ட், இரவுப் போத்தலில் இரண்டு போட்டுவிட்டால் இருட்டிலும் தடவித் தெரியும். அப்புறம், நீங்களும் உங்கள் சகோதரங்களும் கண் அழுத்தத்தைப் பாருங்கள். இது குடும்பத்தில் ஓடும்.

நிலாவெளி: வெண்புரையைக் கரைக்கச் சொட்டு மருந்து இருக்கிறதா மிஸ்?

இல்லை. ஒப்பரேஷன்தான், மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. போர் விமானத்தின் பிளாஸ்டிக் மூடி உடைந்து விமானிகளின் கண்ணில் சிதறியபோது, அந்தத் துண்டைக் கண் எதிர்க்கவில்லை என்று ஹரல்ட் ரிட்லி என்ற ஆங்கில டொக்டர் கவனித்தார். 1949 இல் அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்து லண்டனில் முதல்முறை வைத்தார். அப்படிக் காயப்பட்ட விமானி ஒருவர் ஓட்டியது ஹரிக்கேன். 1942 ஏப்ரலில் நம் சீனன்குடாவிலிருந்து எழும்பியவையும் ஹரிக்கேன்கள்தான். சரி, கதை போதும்.

கிண்ணியா: உம்மாவுக்குப் புரை ஒப்பரேஷன் முடிந்து ஐந்து நாள். சுஜூது செய்யலாமா?

கிளினிக்கில் சரி என்று சொல்லும்வரை, நெற்றியைத் தரையில் வைக்காமல் கதிரையில் இருந்து தொழட்டும். தொழுமுன் வுழூ செய்து முகம் கழுவும்போது அந்தக் கண்ணுக்குள் தண்ணீர் போகவிடாதீர்கள். வலி கூடினாலோ, சிவந்து பார்வை குறைந்தாலோ அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்திருக்க வேண்டாம், அன்றே கொண்டுபோங்கள்.

தம்பலகாமம்: அம்மாவுக்கு 82. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, முகம் தெரியாது. இரண்டு மாதமாகப் பின்னேரங்களில் விறாந்தையில் வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறார். பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்விக்காகவே நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று வையுங்கள்.

லிங்கநகர் (குறுக்கே): அது மறதி நோயின் தொடக்கம். என் மாமிக்கும் அப்படித்தான். மனநல டொக்டரிடம் காட்டுங்கள்.

கோவிலடி: நூல் கட்டினால் போகும். எல்லாவற்றையும் வருத்தம் என்று சொல்லிப் பழகிவிட்டீர்கள்.

லிங்கநகர்: நூல் கட்டிக் கட்டியே கண்ணைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர்!

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். தங்கச்சி, அம்மாவிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தப் பிள்ளைகள் கதைக்கிறார்களா? அவர்கள் உண்மையில் இல்லை என்று அம்மாவுக்குத் தெரியுமா? அன்றாடக் காரியங்களில் புத்தி தெளிவாக இருக்கிறதா? சத்தமே இல்லை, இல்லை என்றும் தெரியும், புத்தி தெளிவு என்றால் அநேகமாக இது சார்ள்ஸ் பொனே நோய்க்குறி. 1760 இல் பொனே என்ற சுவிஸ்காரர் தன் தாத்தாவைப் பற்றி எழுதினார். பார்வை மங்கிய அந்த மனிதர், புத்தி முழுத் தெளிவோடு, இல்லாத ஆட்களையும் பறவைகளையும் கட்டடங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். காலை இழந்தவருக்கு இல்லாத காலில் கடிக்கும் என்பது இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதுபோலத்தான் இதுவும், கண் படம் அனுப்புவது குறைந்தால் மூளை தானே வரைகிறது.

லிங்கநகர்: மிஸ், மறதி நோயிலும் உருவம் தெரியுமே?

தெரியும் தம்பி, அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் மூன்று கேள்வி. குழப்பம், காதில் குரல், காய்ச்சல், புதிதாக மருந்து மாற்றியது, இதில் எதுவும் இருந்தால் டொக்டர் வேறு காரணம் தேட வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் கிளினிக்கில் ஒருமுறை சொல்லுங்கள். ஆனால் 82 வயது மனுசியைக் கேட்காமலே பைத்தியம் என்று முடிவுகட்டினால், அடுத்த நாளிலிருந்து அவர் எதையும் வாய் திறக்க மாட்டார். வார்டில் எத்தனையோ பேர் என் காதில் மட்டும் சொல்லிவிட்டு, "மகனிடம் சொல்லாதே பிள்ளை" என்பார்கள்.

கோவிலடி அண்ணை, நூல் கட்டுவதால் கண்ணுக்குக் கேடில்லை, கட்டுங்கள். கண்ணுக்குள் எதையும் ஊற்றாதவரை எனக்கும் சாமிக்கும் சண்டை இல்லை. ஆனால் பேய் என்று அம்மாவின் காதுபடச் சொல்லாதீர்கள்.

தங்கச்சி, உருவம் வரும்போது விறாந்தை லைட்டைப் போடுங்கள், பின்னேர மங்கலில்தான் கூட வரும். பார்வையை இடமும் வலமும் வேகமாக மாற்றச் சொல்லுங்கள், சிலருக்கு அதோடு மறையும். பலருக்கு நாளடைவில் குறையும். இன்னொரு வேலை: ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் யன்னல் கம்பிகளைப் பார்க்கச் சொல்லுங்கள், வாரத்துக்கு இரண்டு தரம். நேர்க்கம்பி புதிதாக வளைந்து தெரிந்தால் உடனே கிளினிக், உள்ளே இரத்தம் கசியலாம், அதற்கு ஊசி உண்டு. சோற்றை வெள்ளைத் தட்டில் போடாதீர்கள், கடும் நிறத் தட்டில் போட்டால் எங்கே சோறு என்று தெரியும்.

மூதூர்: கரட்டும் பொன்னாங்காணியும் சாப்பிட்டால் புரை போகுமா?

நல்ல கறி. புரை போகாது.

அன்புவழிபுரம்: கனடாவிலிருந்து அண்ணா கண் விற்றமின் அனுப்பியிருக்கிறார். அப்பாவுக்குப் புரை.

அந்தக் குளிசை மாக்குலா தேய்வின் (விழித்திரையின் நடுப்பகுதி தேய்வது) குறிப்பிட்ட கட்டத்தில் இருப்பவர்களுக்கு, வேகத்தைக் குறைக்க. புரைக்கு இல்லை. அப்பா சுருட்டுப் பிடிப்பவரென்றால் பீற்றா கரோட்டின் இருக்கிறதா என்று லேபலைப் பாருங்கள், புகைப்பவர்களுக்கு அது நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும்.

சாம்பல்தீவு: இரவிலிருந்து அம்மாவுக்கு ஒரு கண் சிவந்து, தலையிடி, இரண்டு தரம் சத்தி. லைட்டைச் சுற்றி வளையம் தெரிகிறதாம். பித்தமா?

பித்தமில்லை. கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம், மணித்தியாலக் கணக்கில் பார்வை போகும். பதிலுக்கு நன்றி எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள் அல்லது ஓட்டோவைப் பிடியுங்கள்.

குச்சவெளி: புரைக்குச் சொட்டு மருந்து…

நிலாவெளிக்காரருக்குச் சொன்னதுதான்.

கன்னியா: தேன் விட்டால் புரை கரையும் என்கிறார்களே?

தேன் புட்டுக்கு. கண்ணுக்குள் விட்டுக் கிருமி சேர்ந்து வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

பெயர் இல்லை: மிஸ், போன வருடம் அப்பாவுக்குத் தந்த சொட்டு மருந்துப் போத்தல் இருக்கிறது, அதைக் காட்டிக் கடையில் வாங்கலாமா?

முதல் பந்தி. திரும்ப வாசியுங்கள்.