தானியத்தை நிறுத்தும் முன் மிளகின் காதைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் மிளகுக்கு நான்கு வயது, எடை பத்து கிலோ. கருத்தடை செய்த பெண் நாய். ஆறு மாதமாகப் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறாள், காதையும் சொறிகிறாள். 'எல்லாம் தானியத்தால் வருவது, தானியம் இல்லாத ட்ரீட்டுக்கு மாறுங்கள்' என்று காலை நடையில் பழக்கமான ஒருவர் சொன்னார். வாங்கப் போனால் ஏகப்பட்ட வகை, எல்லாமே சத்தானது என்கின்றன. எதை எடுப்பது? தானியம் இல்லாத உணவு நாயின் இதயத்தைக் கெடுக்கும் என்றும் படித்தேன், பயமாக இருக்கிறது. வீட்டிலேயே செய்து தரலாமா?
– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் 'ஆறு மாதமாக' என்ற சொல்லில்தான் முதலில் என் கண் நின்றது. ஒரு நாய் ஆறு மாதம் தன் பாதத்தை நக்குகிறது என்றால் அவ்வளவு நாளும் அதற்கு அரிப்பு இருந்திருக்கிறது. இன்றைக்கே மிளகை மடியில் கிடத்தி, காது மடலைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே சிவந்திருக்கிறதா? பழுப்பாக மெழுகுபோல் அப்பியிருக்கிறதா? முகர்ந்தால் புளித்த வாடை வருகிறதா? வந்தால் அங்கே ஈஸ்டோ பாக்டீரியாவோ பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குக் காதில் விடும் மருந்து வேண்டும், ட்ரீட்டை மாற்றிப் பலன் இல்லை. பிறகு விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள். வெளிர்நிற முடி துருவேறியதுபோல் சிவந்திருந்தால் அது எச்சில் கறை, நெடுநாளாக நக்குவதற்கு அடையாளம்.

இப்படிச் சொறியும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெள்ளுப்பூச்சிக் கடியும், தூசியில் வாழும் சிற்றுயிர்களும், மகரந்தமும்தான். உணவு ஒவ்வாமை அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. அந்த உணவு ஒவ்வாமையிலும் தானியம் முதல் இடத்தில் இல்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களைக் கணக்கெடுத்தது. மாட்டிறைச்சி ஒவ்வாதவை 34 விழுக்காடு, பால் பொருட்கள் 17, கோழி 15, அதற்குப் பிறகுதான் கோதுமை, 13. அரிசியும் மக்காச்சோளமும் இன்னும் கீழே. நடைப் பழக்கக்காரர் அக்கறையில் சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொன்னதைக் கேட்டு நீங்கள் கோழி இறைச்சியில் செய்த 'தானியம் இல்லாத' ட்ரீட் ஒன்றை வாங்கி, மிளகுக்கு ஒவ்வாதது அந்தக் கோழியாகவே இருந்தால் என்ன ஆகும்? சொறி நிற்காது, காரணமும் பிடிபடாது.

'நாய் ஓநாய் வழி வந்தது, அதற்கு மாவுச்சத்து செரிக்காது' என்றும் யாராவது சொல்லியிருக்கலாம். 2013-இல் நாய், ஓநாய் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தை உடைக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான் இருந்தது, நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்த காலத்தில் நாயின் வயிறும் மாறியிருக்கிறது. ஐரிஷ் செட்டர் இனத்தின் சில குடும்பங்களுக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உண்மையிலேயே ஆகாது, ஆனால் அது அரிது.

இதயப் பயம் வெறும் வதந்தி இல்லை. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இதயத் தசை விரிந்து தளர்ந்துபோகும் டி.சி.எம். என்ற நோய்க்கும் சில நாய் உணவுகளுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயத் தொடங்கியது. 2019-இல் வெளியிட்ட கணக்கில், இந்த நோய் வந்த நாய்களைப் பற்றிய புகார்களில் இருந்த உணவுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தானியம் இல்லாதவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் பட்டாணியோ பருப்பு வகையோ இருந்தது. தானியத்தை எடுத்த இடத்தை அவை நிரப்பியிருந்தன. காரணம் இதுதான் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. 2022 இறுதியில் அந்த நிர்வாகம், புதிய அறிவியல் தகவல் கிடைக்கும்வரை தொடர் அறிவிப்புகளை நிறுத்திக்கொண்டது. இந்தக் கவலை முக்கியமாக வேளாவேளைக்குத் தட்டில் விழும் உணவைப் பற்றியது, எப்போதாவது கொடுக்கும் ஒரு துண்டைப் பற்றியது அல்ல. ஆனால் மிளகின் சாப்பாடே பட்டாணி நிறைந்த தானியமில்லா உணவாக இருந்து, ட்ரீட்டும் அதே பட்டாணி மாவில் செய்ததாக இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். சீக்கிரம் களைத்துப்போவது, படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, இருமல், மயங்கி விழுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இனி, பாக்கெட்டைக் கையில் எடுத்தால் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், எது அதிகமோ அது முதலில். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. 'கோழி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம், பட்டாணி நார்' என்று போட்டிருந்தால் கோழிதான் அதிகம் என்று தோன்றும். அந்த மூன்று பட்டாணியையும் கூட்டினால் கோழியை மிஞ்சிவிடலாம். தானியம் இல்லை என்பதால் மாவுச்சத்து இல்லை என்றும் ஆகாது. உருளைக்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி எல்லாம் மாவுச்சத்துதான். அவை கெட்டவை என்று சொல்லவில்லை, ஆனால் மெலிய வைக்கும் என்று நம்பி அள்ளிக் கொடுத்தால் நாய் குண்டாகும்.

பட்டியல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு எனக்கு நிம்மதி. ஒரே ஒரு பொருள், 'உலர்த்திய மீன்' அல்லது 'உலர்த்திய ஈரல்' என்று முடிந்துவிட்டால் மிக நல்லது, ஒவ்வாமை வந்தாலும் எதனால் என்று உடனே தெரியும். வெல்லப்பாகு, சர்க்கரை, அதிக உப்பு இருப்பதை வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி இருந்தால் தொடவே வேண்டாம், அவை நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேர்க்கடலை வெண்ணெய் சேர்த்தது என்றால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். சில இடங்களில் பிர்ச் சர்க்கரை என்ற பெயரிலும் இருக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே ஒரு மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும், அளவு கூடினால் ஈரலும் செயலிழக்கும்.

உலர்த்திய இறைச்சிக் கீற்றுகள் பற்றி ஒரு எச்சரிக்கை. 2007 முதல் பல ஆண்டுகள் இவற்றைத் தின்ற நாய்கள் நோயுற்றதாக, சிலவற்றுக்குச் சிறுநீரகமே பாதித்ததாக, அதே அமெரிக்க நிர்வாகத்துக்கு ஆயிரக்கணக்கில் புகார் வந்தது, காரணம் முடிவாகவில்லை. ஆகவே தயாரிப்பாளர் முகவரியும் இறைச்சி எங்கிருந்து வந்தது என்பதும் தெளிவாக அச்சிடப்பட்டதையே வாங்குங்கள். புது ட்ரீட் தொடங்கியபின் அதிகமாகத் தண்ணீர் குடித்து, அதிகமாகச் சிறுநீர் போனால் உடனே நிறுத்துங்கள்.

அளவுதான் பலர் கோட்டை விடும் இடம். ஒரு நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ட்ரீட்டில் போகக் கூடாது. பத்து கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த மிளகுக்கு நாளுக்குச் சுமார் 630 கலோரி போதும், ஆக ட்ரீட்டுக்கு அறுபது சொச்சம். பெரிய மெல்லும் குச்சி ஒன்றே இதைத் தாண்டிவிடலாம். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி என்றால் 35 கிராமுக்கு மேல் கிடைக்கும். அதைச் சுண்டுவிரல் நகம் அளவு துண்டுகளாக நறுக்கினால் முப்பது தடவைக்கு மேல் 'சமத்து' சொல்லிக் கொடுக்கலாம். பயிற்சியில் நாய்க்கு எத்தனை முறை கிடைத்தது என்பதுதான் பெரிது, துண்டின் பருமன் இல்லை. கேரட் என்றால் 150 கிராம் வரை போகலாம், கடித்து நொறுக்கும் சத்தமே மிளகுக்குப் பிடிக்கும்.

வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம். கேரட், வெள்ளரி, பீன்ஸ், வேகவைத்த பூசணி, விதை நீக்கிய ஆப்பிள், உப்போ எண்ணெயோ இல்லாமல் வேகவைத்த முட்டை, மீன் எல்லாம் நல்லது. இறைச்சியை உலர்த்துவதானால் கோழியை 74 டிகிரி செல்சியஸுக்கும் மற்ற இறைச்சியை 71 டிகிரிக்கும் உட்பகுதி சூடாகும்வரை முதலில் சமைத்து, பிறகு உலர்த்துங்கள். உலர்த்தும் பெட்டியின் இளஞ்சூட்டில் சால்மோனெல்லா என்ற கிருமி சாகாமல் தப்பிக்கும். ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி, தினமும் வேண்டாம், வாரத்தில் ஓரிரு நாள் சிறு துண்டுகள் போதும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், மக்கடேமியா கொட்டை, வெந்த எலும்பு ஆகியவை அவள் எட்டும் இடத்திலேயே இருக்கக் கூடாது.

இவ்வளவும் சொன்னபின், இப்போதைக்கு மிளகுக்கு எதுவும் புதிதாக வாங்காதீர்கள். மருத்துவர் தெள்ளுப்பூச்சியையும் காதுத் தொற்றையும் சரிசெய்தபின்னும் நக்குவது தொடர்ந்தால், விலக்கு உணவுச் சோதனை வைப்பார். எட்டு வாரம், அவள் இதுவரை தின்றிராத ஒரு புரதமோ, புரதம் உடைக்கப்பட்ட மருத்துவ உணவோ மட்டும். அந்தக் காலத்தில் வேறு எந்த ட்ரீட்டும் கிடையாது. அந்த உணவிலேயே ஒரு கைப்பிடியைக் காலையில் தனியே எடுத்துவைத்து அதையே நாள் முழுக்க ட்ரீட்டாகக் கொடுங்கள். என்னிடம் வந்த ஒரு லாப்ரடாரின் வீட்டார் ஆறு வாரம் கண்ணும் கருத்துமாக இருந்தும் அரிப்பு குறையவில்லை. விசாரித்தபோது வீட்டுத் தாத்தா இரவில் மாத்திரையைச் சிறு சீஸ் துண்டில் பொதிந்து கொடுத்துவந்தது தெரிந்தது. அவர் பாசத்தில் செய்தார். சீஸை நிறுத்திச் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆகவே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள், மாட்டிறைச்சி வாசனையூட்டிய பூச்சி மாத்திரையும் நாய்ப் பற்பசையும்கூடக் கணக்கில் சேரும். எட்டு வாரத்தில் அரிப்பு அடங்கினால் பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பாருங்கள். அரிப்பு திரும்பினால்தான் காரணம் உணவு என்பது உறுதி. அதன்பின் ஒவ்வொரு பொருளாகக் கொடுத்துப் பார்த்து எது ஆகாது என்று கண்டுபிடிக்கலாம், கோதுமையையும் அப்போதே சோதித்துவிடலாம்.

காதில் வாடை இருந்தால் இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். போகும்போது இப்போது கொடுக்கும் உணவு, ட்ரீட் இரண்டின் பாக்கெட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.