ஏரியாவைப் படித்து டிசைன் செய்வது: ஆர்க்கிடெக்சர் மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சென்னையில் பதினெட்டு வருஷமாக ஆர்க்கிடெக்டாக பிராக்டிஸ் செய்கிறேன், வாரத்தில் இரண்டு நாள் கல்லூரியில் ஸ்டூடியோ (டிசைன் வகுப்பு) எடுக்கிறேன். "உள்ளூர்ப் பண்பாட்டையும் வரலாற்றையும் வைத்து ஒரு கட்டடம்" என்று இந்த செமஸ்டர் பல இடங்களில் கொடுத்திருக்கிறார்கள் போல, கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, மயிலாப்பூர் வடக்கு மாட வீதி பக்கத்தில் ஒரு சமுதாயக் கூடம் செய்கிறேன். கோபுரத்தின் அடுக்குகளை எளிமையாக்கி முகப்பில் கொண்டுவந்தேன், சார் "இது மாறுவேஷம்" என்று கோடு போட்டு அடித்துவிட்டார். கோபுரம் இல்லாமல் மயிலாப்பூரை எப்படிக் காட்டுவது? (மூன்றாம் ஆண்டு, சென்னை)

சார் பக்கம்தான் நான். ஏனென்றால் இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். நாலாவது செமஸ்டரில் வேறொரு கோயில் ஊரில் நூலகம். வாசலில் கோபுரத்தின் வெளிக்கோட்டை அப்படியே கான்கிரீட்டில் நிறுத்தி, பெருமையாக மாடலை வைத்துவிட்டு நின்றேன். ஜூரிக்கு (மாணவர் டிசைனை வெளியாட்கள் வந்து மதிப்பிடும் அமர்வு) வந்தவர் மாடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மத்தியானம் ரெண்டு மணிக்கு இந்த வாசல்ல யாரும்மா நிப்பாங்க?" மேற்கு பார்த்த வாசல், நிழலே கிடையாது. நாய்கூட நிற்காது.

கோபுரம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, நீங்கள் இன்னொன்று தர வேண்டாம். அந்தத் தெருவில் யார், எப்போது, எதன் மேல் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். காலை ஐந்தரைக்குக் கோலம் போடும் நேரம் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போங்கள். முடிந்தால் பங்குனித் திருவிழாவில் ஏழாம் நாள் தேருக்கும் எட்டாம் நாள் அறுபத்துமூவருக்கும் போங்கள். அன்றைக்கு மாட வீதி தெருவாகவே இருக்காது, ஒரு பெரிய கூடமாகிவிடும். கடைப் படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், மாடி விளிம்பு எல்லாம் உட்காரும் இடம். நாலு அடிக்கு ஒரு நீர்மோர்ப் பந்தல். நவராத்திரிக்கு முன்னால் அதே வடக்கு மாட வீதி ஓரமெல்லாம் கொலு பொம்மைக் கடை.

என் ஸ்டூடியோவில் ஒரு மாணவி அந்த பொம்மைக் கடைகளை மட்டும் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தாள். தார்ப்பாய்க் கயிற்றைப் பின்னால் இருக்கும் வீட்டு ஜன்னல் கம்பியில்தான் கட்டுகிறார்கள், கம்பி இல்லாத இடத்தில் கல்லைத் தொங்கவிடுகிறார்கள். அவளுடைய கட்டடத்தின் முன்தூண்களில் எட்டடி உயரத்தில் இரும்பு வளையம் வந்தது, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், பந்தல் மூங்கில் போட்டு வைக்க நீளமாக ஒரு அறை. முகப்பில் ஒரு அலங்காரமும் இல்லை. பார்த்தவுடன் மயிலாப்பூர் என்று சொல்லிவிடலாம்.

திண்ணை வைக்கலாம் என்று இருக்கிறேன். ஸ்டாண்டர்டு அளவு என்ன? (இரண்டாம் ஆண்டு, மதுரை)

அப்படி ஒரு ஸ்டாண்டர்டு கிடையாது தம்பி. டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரே தெருவில் பத்துத் திண்ணை அளந்து பாருங்கள். நான் அளந்ததில் உயரம் ஒன்றரை அடியிலிருந்து இரண்டரை அடி வரை இருக்கிறது. தெருமட்டம் ஏறிப்போனதால் பாதி புதைந்த திண்ணையும் உண்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்தத் தெருவின் வரலாறு அதிலும் இருக்கிறது. உயரத்தைவிட அகலம் முக்கியம். ஒன்றேகால் அடி என்றால் காலைத் தொங்கப்போட்டு உட்காரலாம், மூன்றடி என்றால் படுக்கலாம். சில பழைய வீடுகளில் ஒரு ஓரத்தில் சாந்திலேயே சரிவாகத் திண்டு மாதிரி பூசியிருப்பார்கள், தலை வைக்க. அதை செக்‌ஷனில் (கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் வரைபடம்) ஒரு மனிதரைப் படுக்க வைத்து வரையுங்கள்.

ஒரு சங்கடமான கேள்வி. திண்ணையை எல்லாரும் "வழிப்போக்கர் இளைப்பாறும் பொதுவெளி" என்று எழுதுகிறார்கள். எங்கள் தாத்தாவால் ஊரில் பல திண்ணைகளில் உட்கார முடிந்ததில்லை. இதை ஜூரியில் எப்படிச் சொல்வது? (நான்காம் ஆண்டு)

இப்படியேதான் சொல்ல வேண்டும், சங்கடமே வேண்டாம். வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அக்கிரகாரத் திண்ணையை எல்லாருக்கும் பொது என்று எழுதுவது பொய். யாரைத் தெருவுக்குள்ளேயே விடவில்லை, யாரைத் திண்ணை வரை விட்டார்கள், யாரை நடை வரை, யாரை முற்றம் வரை என்று ஒரே பிளானில் நாலு நிறத்தில் போடுங்கள். தாத்தா சம்மதித்தால் அவர் எங்கே நின்றார், எங்கே உட்கார்ந்தார் என்று அவர் வாயாலேயே கேட்டு அதையும் குறியுங்கள்.

அப்புறம் உங்கள் டிசைனில் திண்ணை வைத்தால், அது யாருடையது என்பதில் தெளிவாக இருங்கள். கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு "பொதுவெளி" என்று பெயர் எழுதாதீர்கள். ஆர்க்கிடெக்ட் பி.வி. தோஷி இந்தூரில் செய்த அரண்யா குடியிருப்பைப் பாருங்கள். 1995இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது வாங்கியது. வசதி குறைந்தவர்களுக்கான வீடுகள்தான், ஆனால் ஒவ்வொரு வாசலிலும் ஓட்லா என்கிற மேடை, நம் திண்ணைக்கு உறவுக்காரன். மாதிரிக்குக் கட்டிக் காட்டியது எண்பது வீடுதான், மீதியை மக்களே அவரவர் கைக்குத் தகுந்தபடி கட்டிக்கொண்டார்கள்.

புதுச்சேரியில் கைவினைச் சந்தை. மஞ்சள் சுவர், வெள்ளைப் பட்டை, வளைவு ஜன்னல் போட்டால் போதுமா?

போதாது. அது கடலோர பிரெஞ்சுப் பகுதியின் பெயின்ட். கால்வாயைத் தாண்டி மேற்கே தமிழர் பகுதிக்குப் போங்கள். வைசியாள் வீதியில் கீழ்த்தளம் முழுக்க நம்மூர் வீடு: தெருவில் நடப்பவருக்கும் சேர்த்து நிழல் தரும் தாழ்வாரம், மரத்தூண், திண்ணை. நிமிர்ந்து பார்த்தால் மாடியில் பிரெஞ்சுப் பாணி வளைவும் சுதை வேலையும். ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு 1738ஆம் ஆண்டுக் கட்டடம், அதிலும் இந்தக் கலவையைப் பார்க்கலாம். கீழே ஒரு பழக்கம், மேலே ஒரு பழக்கம் என்று இரண்டும் சண்டை போடாமல் எப்படி நிற்கின்றன என்பதை செக்‌ஷன் வரைந்து பாருங்கள். வைசியாள் வீதி மறுசீரமைப்புக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

அங்கே போகும்போது கோல்கொண்டேவையும் வெளியிலிருந்தாவது பாருங்கள். அந்தோணின் ரேமண்ட் வடிவமைத்த ஆசிரம விடுதி, வேலை தொடங்கியது 1930களில். உள்ளூர்க் கட்டடம் எதையும் காப்பி அடிக்கவில்லை, கண்ணாடி ஜன்னலுக்குப் பதில் முகப்பு முழுக்க அசையும் தடுப்புப் பலகைகள். புதுச்சேரி வெயிலையும் காற்றையும் அதைவிடப் புரிந்துகொண்ட கட்டடம் குறைவு.

வடசென்னையில் ஹவுசிங் போர்டு குடியிருப்புதான் என் ஏரியா. இங்கே பாரம்பரியம் என்று ஒன்றுமே இல்லையே அக்கா?

யார் சொன்னது? 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. அதைக்கூட விடுங்கள். இந்த மாதிரிக் குடியிருப்புகளைக் கட்டிய குடிசை மாற்று வாரியம் தொடங்கியது 1970இல், 2021இல்தான் பெயரை மாற்றினார்கள். ஐம்பது வருஷக் குடியிருப்புக்கு வரலாறு கிடையாதா? மூன்றாம் மாடி நடைபாதையில் துணி எங்கே காய்கிறது, தண்ணீர் லாரி வந்தால் குடங்கள் எந்த வரிசையில் நிற்கின்றன, கேரம் போர்டுக்கு மேல் பல்பு எங்கிருந்து இழுத்துக் கட்டியிருக்கிறது, சாவுக்குப் பந்தல் எங்கே போடுகிறார்கள். கடைசியாகச் சொன்னதை முக்கியமாகப் பாருங்கள். மாடிப்படியில் பாடையைத் திருப்ப இடமில்லாத கட்டடங்களை நாம் எத்தனையோ வரைந்திருக்கிறோம். படிக்கட்டுத் திருப்பத்தின் அகலத்தை அளந்துகொண்டு வாருங்கள், உங்கள் ஜூரியில் அரைமணி நேரம் அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

மெட்ராஸ் டெரஸ் கூரையை இன்றைக்குப் பயன்படுத்தலாமா?

பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கிறீர்கள் என்றால் கண்டிப்பாக. தேக்குக் கட்டைகளின் மேல் சின்ன மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தலாக, கோணலாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிப்பார்கள். புதுக் கட்டடத்தில் தேக்கு விலையைக் கேட்டால் தலை சுற்றும். கொத்தனாரும் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஸ்டூடியோ புராஜெக்ட்டில் போடுவதானால் ஒன்றுக்குப் பத்து அளவில் ஒரு டீட்டெயில் வரைந்து காட்டுங்கள், இல்லாவிட்டால் பெயரை மட்டும் உதிர்க்காதீர்கள்.

தெருவில் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். கேள்வித்தாளைப் பார்த்தாலே கதவைச் சாத்துகிறார்கள்.

நானும் சாத்துவேன். கேள்வித்தாளைப் பையில் வையுங்கள். டீக்கடையில் உட்கார்ந்து எதிர்வீட்டை வரையத் தொடங்குங்கள். பத்து நிமிஷத்தில் ஒருவர் எட்டிப் பார்த்து, "அந்தத் தூண் முன்னாடி அங்கே இல்லப்பா" என்பார். அங்கிருந்து ஆரம்பியுங்கள். "உங்கள் பண்பாடு என்ன" என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது, "தேர் அன்னிக்கு உங்க வீட்டுல எத்தனை பேர் தங்குவாங்க, எங்க படுப்பாங்க" என்று கேளுங்கள். தனியாகப் போகாமல் இருவராகப் போங்கள். வீட்டுக்குள் போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். ஷீட் முடிந்ததும் ஒரு பிரதி அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள், பலர் இதைச் செய்வதே இல்லை.

பழைய தெருவில் பக்கத்தில் இடம் விட்டால் வீடுகளின் வரிசை உடைகிறது. இடம் விடாமல் கட்ட விதி ஒத்துக்கொள்ளுமா?

சென்னையில் சில பழைய பகுதிகளைத் தொடர் கட்டடப் பகுதி என்று குறித்திருக்கிறார்கள், அங்கே பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. உங்கள் சைட் அதில் வருகிறதா என்று சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) வரைபடத்தில் பாருங்கள், 2019 கட்டட விதிகளையும் ஒரு தடவை முழுதாகப் படியுங்கள்.

ஷீட்டில் எத்தனை போட்டோ வைக்கலாம்?

நாலு. மீதி இடத்தில் நீங்கள் வரைந்ததை வையுங்கள்.