மருத்துவர் பதில்கள்: அக்கி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: அக்கம்பக்கத்தில் யாருக்கும் அம்மை இல்லாதபோது என் மாமியாருக்கு அக்கி கண்டது எப்படி? பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

பதில்: இங்கிலாந்தின் சிரென்செஸ்டரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தம்மிடம் 16 ஆண்டுகளில் வந்த 192 அக்கி நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து, முன்பு வந்த சின்னம்மையின் கிருமியே நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருந்து, எதிர்ப்புத்திறன் தளரும்போது அக்கியாக வெளிப்படுகிறது என்று 1965-இல் எழுதினார். நோய் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தடம்காண, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஒதுங்கிக் கிடக்கும் ஷெட்லாந்து தீவுக்கூட்டத்தின் யெல் தீவுக்கே போய் விசாரித்தார். அக்கி கண்டவர்கள் அனைவருக்கும் முன்பே சின்னம்மை வந்திருந்தது. அன்றாட நோயாளிக் குறிப்பேட்டின் அருமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே, மாமியாரிடமிருந்து அக்கி தொற்றாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத பிள்ளைக்குச் சின்னம்மை வரலாம் என்பதால், பொருக்குத் தட்டும்வரை கொப்புளங்களை மூடி வையுங்கள். காவி குழைத்து அக்கி எழுதுவதில் நாளைக் கடத்தாமல், கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள்.