பதியும்போதே எச்.265 வேண்டாம் அண்ணே

வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட் வீட்டில் கணினியில் யூஎஸ்பி டியூனர் (டிவி ஒளிபரப்பைப் பிடிக்கும் கருவி) வைத்து டிவி2 தமிழ்ச் செய்தியைப் பதிகிறீர்கள், எச்.265 (வீடியோவை மிகச் சிறிதாகச் சுருக்கும் முறை) போட்டால் படம் திக்குகிறது, ஒலி பிந்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். டியூனர் மேல் தப்பில்லை. உங்கள் பழைய டூயல் கோர் பிராசசரால் ஓடுகிற படத்தை அந்த வேகத்தில் எச்.265-ஆக மாற்ற முடியாது.

மாற்றவும் தேவையில்லை. மலேசியாவின் மைடிவி டிஜிட்டல் ஒளிபரப்பு ஏற்கெனவே எச்.264 என்ற முந்தைய முறையில் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. வருவதை அப்படியே டிஎஸ் (ஒளிபரப்பு வரும் அதே வடிவம்) கோப்பாகச் சேமியுங்கள். பிராசசருக்கு வேலையே இருக்காது, தரமும் குறையாது. இன்னொன்று, சாயங்கால இடிமழையில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது ஓடும். பாதியில் நின்ற எம்பி4 பெரும்பாலும் திறக்கவே திறக்காது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இடம்தான் கொஞ்சம் பிடிக்கும். வினாடிக்கு 6 மெகாபிட் என்றால் மணிக்கு 2.7 ஜிபி. வைத்துக்கொள்ள வேண்டியதை மட்டும் இரவில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எக்ஸ்264 (எச்.264-ஆக மாற்றும் நிரல்), சிஆர்எஃப் 20 (தர அளவு, எண் குறைந்தால் தரம் கூடும்) வைத்துச் சுருக்குங்கள். அசைவில் சீப்புப்பல் மாதிரி கோடு தெரிந்தால் டீஇன்டர்லேஸ் போடுங்கள்.

அப்புறம், பதிந்ததை டிவியில் போட்டுப் பார்க்கப் பென்டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்யுங்கள், உங்கள் டிவி அதைப் படிக்குமா என்று பார்த்துவிட்டு. பழைய முறையான ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.